புதுத் தங்கமீனுக்கு நான்கு வாரத் தனித்தொட்டி

சென்னைக் கொளத்தூருக்கு மீன் வாங்கப் போவதென்றால், முந்தைய இரவே எங்கள் வீட்டுப் பின்கட்டில் 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று நிரம்பி நிற்க வேண்டும். உள்ளே கூழாங்கல் இல்லை, செடி இல்லை. பம்ப் காற்றைக் குமிழிகளாக்கும் ஒரு காற்றுக்கல், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் துள்ளி வெளியே விழாமலிருக்க மேலே ஒரு கொசுவலைத் துண்டு. டப் தயாராகாத வாரத்தில் நான் மீன் கடைத் தெருப்பக்கமே போவதில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு இந்த டப் என்னிடம் இல்லை. சிவப்பும் வெள்ளையுமாக ஒராண்டா வகைத் தங்கமீன் இரண்டு வாங்கி வந்து, பையை அரைமணி நேரம் மிதக்கவிட்டு, அன்று மாலையே பெரிய தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் காலை, என் மகள் ‘கரியன்’ என்று பெயர் வைத்திருந்த பிளாக் மூர் மீனின் வாலில் ரவையளவு வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. மறுநாள் அந்தக் கரிய உடம்பு முழுவதும் பொடியுப்பைத் தூவியது போலிருந்தது. பத்து நாளில் ஏழு மீன்களில் ஐந்து செத்துப்போயின. கரியன் பிழைத்தது. கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். பல பண்ணை மீன்கள் வந்து கலக்கும் இடத்தில் ஒட்டுண்ணி இல்லாமலிருந்தால்தான் அதிசயம். அதை வீட்டுத் தொட்டிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வாசலிலேயே நிறுத்துவதும் வளர்ப்பவர் கையில்தான் இருக்கிறது.

டப்பில் விலை குறைந்த பொருள் ஸ்பாஞ்ச், இன்றியமையாததும் அதுதான். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சில் குடியேறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புது ஸ்பாஞ்சை நேற்று வாங்கி இன்று போட்டால் அது வெறும் பஞ்சுதான். ஆகவே என் டப்புக்கான ஸ்பாஞ்ச் ஆண்டு முழுவதும் பெரிய தொட்டியின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். புது மீன் வரும்போது மட்டும் எடுத்து டப்பில் வைப்பேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது நீங்க ஒரு நாள் முழுவதும் காற்றுக்கல் ஓடவிடுங்கள், அல்லது கடையில் ஹைபோ என்று கேட்டால் தரும் படிகத்தைக் கரைத்து ஊற்றுங்கள்.

மீன் வீட்டுக்கு வந்ததும் பையை இருபது நிமிடம் டப்பில் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமமாகிவிடும். பிறகு மீனை மட்டும் ஈரக்கையால் எடுத்து விடுங்கள். பைத்தண்ணீர் ஒரு சொட்டும் டப்பில் விழக்கூடாது. வெளியூரிலிருந்து நெடுநேரம் அடைத்து வந்த பையென்றால், திறந்துவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலக்க வேண்டாம். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் அமிலத்தன்மை கூடியிருக்கும். அந்த நிலையில் அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பை திறந்ததும் வாயு வெளியேறும், அதே அம்மோனியா நஞ்சாகும். முதல் நாள் தீனி போடுவதில்லை. மறுநாளிலிருந்து, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

பிறகு நான்கு வாரம் பார்க்க வேண்டும். நின்று, குனிந்து, உண்மையாகவே பார்க்க வேண்டும். நான் இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பேன். பகலில் கண்ணுக்குத் தப்பும் புள்ளியும் நூலும் அந்தச் சாய்வொளியில் எழுந்து நிற்கும். ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விடுகிறதா, டப்பின் சுவரில் உடம்பை உரசிக்கொண்டு சட்டென்று பாய்கிறதா, முதுகுத் துடுப்பை மடக்கி வைத்திருக்கிறதா, மூலையில் ஒதுங்கி நிற்கிறதா, இவற்றைத்தான் பார்க்கிறேன். சென்னை வெப்பத்தில் வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள் தெரிந்துவிடும். ஆனால் செவுள் புழு முட்டையிட்டுப் பெருகவும், நங்கூரப்புழு வளர்ந்து கண்ணுக்குத் தெரியவும் அதைவிட நாளாகும். நான் நான்கு வாரத்தில் ஒரு நாளும் குறைக்காததற்கு அதுவே காரணம்.

எல்லா வெள்ளைப் புள்ளியும் நோயல்ல. என் அக்காள் மகன் ஒரு நாள் பதறிக்கொண்டு அலைபேசியில் அழைத்தான். மீன் முகமெல்லாம் புள்ளி, மருந்தை ஊற்றிவிடவா என்று கேட்டான். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். புள்ளிகள் செவுள் மூடியின் மேலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் மட்டும், வரிசை பிடித்தது போல, ஒரே அளவில் இருந்தன. உடம்பில் ஒன்றுமில்லை, வாலில் ஒன்றுமில்லை. அது ஆண் தங்கமீன் இனப்பெருக்கப் பருவத்தில் கொள்ளும் அடையாளம். அவனுடைய மீன் நோயாளியல்ல, மாப்பிள்ளை. நோய்ப் புள்ளி அப்படி ஒழுங்காக இராது; வாலிலும் துடுப்பிலும் உடம்பிலும் கண்டபடி சிதறிக் கிடக்கும், நாளுக்கு நாள் கூடும்.

நோய்ப் புள்ளிதான் என்று உறுதியானால், முதலில் மருந்தல்ல, தண்ணீர்ச் சோதனை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை உடனே மாற்றுங்கள். நோய் என்று என்னிடம் சொல்லப்பட்ட பலவும் கெட்ட தண்ணீராகவே இருந்திருக்கின்றன. ஆரஞ்சு மீனில் திடீரென்று கரும்படலம் தோன்றினால் அது பெரும்பாலும் அம்மோனியா சுட்ட புண் ஆறும் தழும்பாக இருக்கும்.

அடுத்து கல்லுப்பு. லிட்டருக்கு 3 கிராம் என்பது இலக்கு. ஒரே மூச்சில் போடக்கூடாது. என் 40 லிட்டர் டப்புக்கு மொத்தம் 120 கிராம். சமையலறைத் தராசில் 40 கிராமாக மூன்று பொட்டலம் கட்டிக்கொள்வேன். ஒன்றை ஒரு குவளைத் தண்ணீரில் முழுவதும் கரைத்து, காற்றுக்கல் குமிழியிடும் இடத்தில் மெல்ல ஊற்றுவேன். பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது, மேலும் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மூன்றாவது. உப்புக் கல்லை நேரே போட்டால் அது மீன் மேல் பட்டுத் தோலைச் சுடும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது. ஆகவே ஆவியான அளவுக்கு வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அழுக்குக்காக 10 லிட்டரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட்டால் மட்டும் 30 கிராம் உப்பு சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். சிலர் நாள்தோறும் உப்பைக் கூட்டிக்கொண்டே போவார்கள், சிலர் தண்ணீர் மாற்றி மாற்றி உப்பே இல்லாமல் ஆக்கிவிடுவார்கள்.

மூன்று நான்கு நாளில் புள்ளிகள் மறையும். அங்கேதான் நிறுத்திவிடக் கூடாது. நாம் காணும் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் ஒட்டுண்ணி. அங்கே உப்பும் எட்டாது, மருந்தும் எட்டாது. அது வளர்ந்து உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை மீனைத் தேடி நீந்தும் அந்தக் குறுகிய நேரத்தில்தான் நாம் அவற்றைக் கொல்ல முடியும். புள்ளி மறைந்தது என்றால் எதிரி அடித்தரையில் பெருகிக்கொண்டிருக்கிறான் என்று பொருள். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் பத்து நாள் உப்பு இருக்கட்டும். டப்பில் கூழாங்கல் வைக்காததற்கும் இதுவே காரணம். வெறும் அடித்தரையைத் தினமும் குழாயால் உறிஞ்சி எடுத்தால் உதிர்ந்தவற்றில் பல சாக்கடைக்குப் போய்விடும்.

நோய் பெரிய தொட்டியில் வந்துவிட்டால், ஒரு மீனை மட்டும் பிரித்து வைத்துப் பயனில்லை. தொட்டி முழுவதற்கும் சிகிச்சை செய்ய வேண்டும், செடிகளை முன்பே எடுத்துவிட வேண்டும், பெரும்பாலான செடிகள் இந்த உப்பைத் தாங்காது. சூட்டைக் கூட்டினால் நோய் சீக்கிரம் தீரும் என்று வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்து ஹீட்டர் போடுகிறவர்கள் இங்கே உண்டு. சென்னைத் தொட்டி மே மாதத்தில் தானாகவே 30 டிகிரியைத் தொடுகிறது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறையும். ஒட்டுண்ணி செவுளை அரித்திருக்கும் மீனுக்கு அந்த ஒன்றரை மில்லிகிராம்தான் உயிர். ஹீட்டர் வேண்டாம், இன்னொரு காற்றுக்கல் போடுங்கள். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். உடம்பில் குச்சி போல நூல் தொங்கி, நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தால் அது நங்கூரப்புழு. ஈரத்துணியில் மீனைப் பிடித்து, புழு தோலுக்குள் நுழையும் இடத்துக்கு அருகிலேயே இடுக்கியால் பற்றி நிதானமாக இழுக்க வேண்டும். அதன் குஞ்சுகள் தண்ணீரில் இருக்கும் என்பதால் காத்திருப்பை மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். உரசலும் ஒற்றைச் செவுள் மூச்சும் இருந்து புள்ளி இல்லையென்றால் செவுள் புழுவாக இருக்கலாம்; அதற்கு பிராசிகுவாண்டல் மருந்து. அது முட்டையைக் கொல்லாது, இரண்டாம் முறையும் போட வேண்டும். தலைகீழாக மிதக்கும் உருண்டை மீனுக்கு இரண்டு நாள் பட்டினியும், பிறகு தோலுரித்த வேகவைத்த பட்டாணியும் தருவேன். உலர்ந்த உருண்டைத் தீனியை ஊறவைத்தே போடுவேன். செதிலெல்லாம் விரிந்து, மேலிருந்து பார்க்க அன்னாசிப் பழம் போலிருந்தால் சிறுநீரகம் பழுதாகியிருக்கும். அந்த நிலையில் நான் ஒரு மீனையும் மீட்டதில்லை, மீட்பேன் என்று உங்களுக்கு நம்பிக்கை தரவும் மாட்டேன்.

ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்கி உடைத்துத் தொட்டியில் கொட்டாதீர்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து, ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது. நம் போர்வெல் தண்ணீரில் நிறைந்திருக்கும் கால்சியம் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மீனுக்குள் போவதும் கொஞ்சம்தான். நீலமருந்தான மெத்திலீன் புளூவையும் ஸ்பாஞ்ச் ஓடும் தொட்டியில் ஊற்றாதீர்கள். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் அதோடு போய்விடும்.

டப்புக்கென்று தனி வலை, தனி உறிஞ்சு குழாய், தனிக் குவளை. என்னுடையவற்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், வீட்டில் யார் எடுத்தாலும் தெரியும். தினமும் பெரிய தொட்டி வேலையை முதலில் முடித்து, டப்புக்கு அப்புறம்தான் போவேன், கடைசியில் கையைச் சோப்பு போட்டுக் கழுவுவேன்.

இருபத்தெட்டாம் நாள் மாலை, மீன் கொழுகொழுவென்று தீனிக்கு ஓடி வந்தால் பெரிய தொட்டியில் விடுகிறேன். நோய் ஏதும் வராத டப்பின் ஸ்பாஞ்ச் அதே மாலை பெரிய தொட்டிக்குத் திரும்பும். நோய் வந்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொரு ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியின் ஓரத்தில் ஓடவிடுவேன். வலையும் குழாயும் டப்பும் இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் எலும்பாகக் காயும்.