பழைய வாட்ச் வாங்குகிறீர்களா? முதலில் டயல், மெஷின் அப்புறம்

பழைய ரோலெக்ஸோ ஒமேகாவோ வாங்க நினைத்து என்னிடம் காட்ட வருபவர்கள் முதலில் கேட்பது, "நல்லா ஓடுதா?" என்றுதான். நான் வாட்ச் ரிப்பேர் பார்ப்பவன். ஓடாததை ஓடவைப்பது என் பிழைப்பு. மெயின் ஸ்பிரிங் போயிருந்தால் மாற்றலாம், எண்ணெய் காய்ந்திருந்தால் பிரித்துக் கழுவிப் பூட்டலாம். ஆனால் யாரோ கைவைத்துக் கெடுத்த டயலை நான் மட்டுமல்ல, எவராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. இப்போது ஏறிக்கொண்டே போகும் விலையில் பெரும்பங்கு, அப்படித் திரும்பக் கிடைக்காத சமாச்சாரங்களுக்குத்தான். அதனால் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்கிறேன்.

ரோலெக்ஸ் டேடோனா 6239 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1963ல் வந்தது. சாதாரண டயல் ஒரு வகை, சின்ன வட்டங்களுக்குள் சதுரத் தலைக் கோடுகள் கொண்ட 'எக்ஸாட்டிக்' டயல் இன்னொரு வகை. கேஸ், அதாவது வெளிக்கூடு, ஒன்றுதான், உள்ளே வால்ஜூ 72 என்ற மெஷினின் அடிப்படையில் செய்த மெஷினும் ஒன்றுதான். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்ததால் அந்த இரண்டாவது டயலுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவர் கையில் இருந்த வாட்ச் 2017ல் நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. அது நடிகர் கட்டியது, கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். யார் கட்டியது என்றே தெரியாத 6239க்கும் அந்த டயல் இருந்தால் சாதாரண டயலைப் போலப் பல மடங்கு விலை. வித்தியாசம் ஒரு மெல்லிய தகடு, அதன்மேல் கொஞ்சம் மை.

ஏன் இவ்வளவு கிராக்கி? 1969 டிசம்பரில் செய்கோ, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடம் சாவி கொடுக்கும் வாட்சுகளை ஒருவரும் சீண்டவில்லை. தங்கக் கேஸ்கள் உருக்கப்பட்டன, உதிரிபாகங்கள் குப்பைக்குப் போயின. தப்பியவற்றிலும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் பாலிஷ் போட்டு, டயலைப் 'புதுசாக்கி' விட்டார்கள். கை படாமல் மிஞ்சியவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் இனிக் கூடப்போவதில்லை. 2020க்குப் பிறகு எல்லா வாட்ச் விலையும் எகிறி, 2022 நடுவிலிருந்து இறங்கியது. அதில் பலமாக அடிவாங்கியவை சமீபத்தில் தயாரான ஸ்டீல் மாடல்கள். எனவே 'ரோலெக்ஸ் என்றால் விலை ஏறும்' என்று யாராவது சொன்னால், எந்த ரோலெக்ஸ், எந்த நிலையில் என்று கேளுங்கள்.

சரி, வாட்ச் கையில் இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டயலின் எழுத்துகளில் ஆரம்பியுங்கள். தொழிற்சாலையில் அச்சடித்த எழுத்து, லூப்பில் பார்த்தால் டயலுக்கு மேலே லேசாகத் தூக்கி நிற்கும். ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். மறுபடி அச்சடித்த டயலில் மை ஓரத்தில் கசிந்திருக்கும், எழுத்துக்கு எழுத்து தடிமன் மாறும். விளிம்பில் ஓடும் நிமிடக் கோடுகளையும் பாருங்கள். ஐந்து நிமிடக் கோடு, அதற்குரிய மணிக் குறியின் நடுவில் சரியாக வந்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் சரியாக இருந்து எதிர்ப்பக்கம் மயிரிழை விலகினாலும் எனக்குச் சந்தேகம் வரும். கோட்டின் நுனி டயலின் ஓரத்தில் வழிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது மறுஅச்சு.

அடுத்தது ஆறு மணிக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்து. அங்கே 'ஸ்விஸ்' என்ற சொல்லோடு 'டி' (T) என்ற எழுத்து இருந்தால், இருட்டில் ஒளிரும் பூச்சில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருக்கிறது என்று பொருள். 1960களின் தொடக்கம் வரை ரேடியம், அதன்பின் 1990களின் கடைசி வரை டிரிட்டியம், அப்புறம் கதிரியக்கம் இல்லாத லூமிநோவா. 1955 வாட்ச் என்று சொல்லி விற்கும் டயலில் அந்த 'டி' இருந்தால் டயல் பின்னால் வந்தது. 1972 வாட்சில் மணிக் குறிகள் ஒளிரும் வகையாக இருந்தும் 'டி' இல்லாமல் வெறும் 'ஸ்விஸ் மேட்' என்று இருந்தால், அநேகமாகச் சர்வீஸில் மாட்டிய புது டயல். (ஒளிரும் பூச்சே இல்லாத டயலில் 'டி' இருக்காது. அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.)

ஒரு சின்ன புற ஊதா டார்ச்சும் உதவும். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், பன்னிரண்டு வருடத்துக்குச் சற்று மேல். 1970ல் பூசியது இப்போது இருட்டில் தானாக ஒளிராது. டார்ச் வெளிச்சம் படும்போது மங்கலாக மின்னி, எடுத்த சில நொடியில் அணைந்தால் இயல்பு. எடுத்த பிறகும் பச்சையாக ஜொலித்துக்கொண்டே இருந்தால் புதுப் பூச்சு. முள்ளில் உள்ள பூச்சும் டயலில் உள்ள பூச்சும் ஒரே மாதிரி பழுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். டயல் கரும்பழுப்பு, முள் வெள்ளை என்றால் முள் மாறியிருக்கிறது. ரேடியம் டயலை மட்டும் நீங்களாகத் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம். ஒளி செத்துப் போயிருந்தாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கும். அதன் தூள் மூச்சில் போகக் கூடாது.

கேஸுக்கு வருவோம். ஸ்ட்ராப் மாட்டும் நான்கு கொம்புகளையும் மேலிருந்து பார்த்து ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே தடிமனா? ஓரங்களில் சரிவாக வெட்டிய பட்டை இன்னும் கூர்மையாக இருக்கிறதா? அதிகம் பாலிஷ் பட்ட கேஸ், நாள்பட்ட சோப்புக் கட்டிபோல எல்லா மூலையும் மழுங்கி வழவழவென்று இருக்கும். பளபளப்பைப் பார்த்து மயங்குபவர்கள் இதற்குத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். விவரம் தெரிந்தவர் கீறல் விழுந்த, தடித்த கேஸுக்குக் கொடுப்பார். தங்கக் கேஸில் தரம் காட்டும் முத்திரை எப்படி இருக்கிறது என்பது நல்ல சாட்சி. முத்திரை பாதி அழிந்திருந்தால் அந்த அளவு தங்கமும் போயிருக்கிறது.

பழைய ரோலெக்ஸில் ஸ்ட்ராப்பைக் கழற்றினால் பன்னிரண்டு மணிப் பக்கம் மாடல் எண்ணும் ஆறு மணிப் பக்கம் சீரியல் எண்ணும் கொம்புகளுக்கு நடுவே இருக்கும். கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை. 1950கள், 60களின் பல ரோலெக்ஸ்களில் பின்மூடியின் உள்பக்கம் காலாண்டும் வருடமும் பொறித்திருக்கும். சீரியல் எண் காட்டும் வருடத்துக்கும் இதற்கும் பெரிய இடைவெளி இருந்தால் மூடி வேறு வாட்சிலிருந்து வந்திருக்கலாம்.

மெஷினில் பார்க்க வேண்டியது, அது அந்த மாடலுக்கு உரியதா, துரு இருக்கிறதா, திருகுத் தலைகள் சிதைந்திருக்கின்றனவா. அவ்வளவுதான். ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் ஆம்பிளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் ஆடும் கோணம்) 200 டிகிரிக்குக் கீழே காட்டினால் விலையில் சர்வீஸ் செலவைக் கழித்துக் கேளுங்கள், வாட்சை ஒதுக்கிவிடாதீர்கள். க்ரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் சேர்ந்த வாட்ச் என்றால் பொத்தானை அழுத்தி, முள் சரியாகப் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று நாலைந்து முறை பாருங்கள். அதில் சர்வீஸ் செலவு சாதாரண வாட்சைவிடக் கணிசமாகக் கூடும்.

வாட்சோடு வந்த சான்றுப் பேப்பர் இருந்தால் நல்லது, ஆனால் பேப்பரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சுவிஸ் வாட்ச் நிறுவனமான பாடெக் ஃபிலிப் தன் ஆவணங்களிலிருந்து மெஷின் எண், கேஸ் எண், விற்ற தேதி எல்லாம் எழுதிச் சான்று தருகிறது. எண்கள் ஒத்துப்போகின்றன என்பதற்கு அது ஆதாரம். டயல் அசலா என்பதற்கு ஆகாது. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023ல் அந்த நிறுவனமே, அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்றும், தன் முன்னாள் ஊழியர்கள் இதில் உடந்தை என்றும் அறிவித்தது. தயாரித்தவரையே ஏமாற்ற முடிந்தது என்றால், நீங்களும் நானும் லூப்பைக் கீழே வைக்கக் கூடாது.

விலை பேசும்போது, விற்பவர்கள் கேட்கும் தொகையை ஆதாரமாக எடுக்காதீர்கள். விற்றுமுடிந்த தொகையைப் பாருங்கள். கிறிஸ்டீஸ், சதபீஸ், பிலிப்ஸ் முதலிய ஏல நிறுவனங்களின் முடிவுகள் இணையத்தில் இருக்கின்றன. வெளியிடும் தொகையில் வாங்குபவர் தரும் கமிஷனும் சேர்ந்திருக்கும். ஏலத்தில் சுத்தியல் தட்டி முடித்த விலைக்கு மேல் ஏறத்தாழ கால் பங்கு. அதாவது நாளைக்கு நீங்கள் விற்றால் அந்தத் தொகை உங்கள் கைக்கு வராது. தங்க வாட்ச் என்றால் உருக்கினால் என்ன கிடைக்கும் என்றும் கணக்குப் போடுங்கள். 18 காரட் என்றால் முக்கால் பங்கு தங்கம், ஆனால் மொத்த எடையில் மெஷினையும் கண்ணாடியையும் கழிக்க வேண்டும். தங்கம் ஏற ஏற, அளவில் சிறிய, பெயர் பெறாத தங்க வாட்சுகள் மறுபடி உலைக்குப் போகின்றன. எனக்கு வயிற்றெரிச்சல்தான், ஆனால் வாங்குபவருக்கு அந்த எடை ஓர் அடிவிலை.

காசு குறைவாக இருந்தால் பெரிய பெயரின் கெட்டுப்போன வாட்சை வாங்குவதைவிட, அடுத்த பெயரின் கை படாத வாட்சை வாங்குங்கள். டேடோனாவில் இருந்த அதே வால்ஜூ 72 குடும்ப மெஷின் ஹோயர் கரேராவிலும் விட்னவரிலும் இருந்தது. ஒமேகா, லாஞ்சின் நிறுவனங்களின் 34, 35 மில்லிமீட்டர் ஸ்டீல் வாட்சுகளில் அசல் டயலோடு இன்னும் நியாயமான விலைக்குக் கிடைக்கும். சிறிய அளவுக்கு மவுசு திரும்பிக்கொண்டிருக்கிறது, ரொம்ப நாள் தள்ளிப்போட வேண்டாம்.

வாங்கியாயிற்று, சர்வீஸுக்குக் கொடுக்கிறீர்கள். வாயால் சொன்னால் போதாது, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: பாலிஷ் போடக் கூடாது, டயலையும் முள்ளையும் மாற்றக் கூடாது, புதுப் பூச்சு வைக்கக் கூடாது, கழற்றிய பழைய பாகம் எதுவானாலும் திருப்பித் தர வேண்டும். மாற்றிய கிரவுன் (சாவி கொடுக்கும் குமிழ்) கூட ஒரு சின்ன உறையில் போட்டு உங்களிடம் வர வேண்டும். பின்னால் விற்கும்போது அந்த உறைக்கும் விலை உண்டு. தேதி காட்டும் வாட்சில் இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று வரை தேதியை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் பற்சக்கரம் பிடித்திருக்கும், முறித்தால் பாகம் தேடி அலைய வேண்டும். டயலில் இருநூறு மீட்டர் என்று எழுதியிருந்தாலும் தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள். அந்த வாக்குறுதி அன்றைய ரப்பர் வளையத்துக்கு. ஒரு சொட்டு உள்ளே போனால் மெஷினை நான் பார்த்துக்கொள்வேன், டயலில் ஏறும் கறையை ஒன்றும் செய்ய முடியாது.