தேடல் முடிவு குறுஞ்செய்தியாகும் வழி: கடலோரச் சங்கம் ஒன்றுக்கான தானியங்கி ஏற்பாடு

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கடலுக்குப் போகிறவர்களில் பலர் இன்னும் பட்டன் போனைத்தான் வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டு (டோக்கன்) இல்லை என்ற அறிவிப்பு காலையிலேயே இணையத்தில் வந்திருந்தாலும், படகில் ஐஸ் ஏற்றி முடித்த பிறகே அது அவர்கள் காதில் விழுகிறது. மீன்வளத் துறை அறிவிப்பு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்துக்குரிய நிவாரணச் செய்தி, மானியத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் போன்றவற்றை இணையத்தில் தேடி எடுத்து, மீனவர் சங்க உறுப்பினர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் ஏற்பாட்டை அமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

புயல், பேரலை எச்சரிக்கைகளை இந்த வழியில் அனுப்பக் கூடாது. ஒரு பக்கம் தேடுபொறியின் கண்ணில் படுவதற்கே சில மணி நேரம் ஆகலாம் என்பதாலும், கரையை விட்டு வெகுதூரம் போய்விட்ட படகுக்குக் குறுஞ்செய்தி எட்டாது என்பதாலும், அவற்றுக்கு வானிலை ஆய்வு மையத்தையும் ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் நிறுவனத்தையும் நேரடியாகப் பார்ப்பதே முறை.

பல இணையச் சேவைகளை ஒன்றோடொன்று இணைத்துத் தானாக இயக்கும் கருவியாக நான் பயன்படுத்துவது என்8என் (n8n). ஜாப்பியர் (Zapier), மேக் (Make) ஆகிய கருவிகளிலும் இதே வேலையைச் செய்யலாம். ஆனால் என்8என்னை நம்முடைய சர்வரிலேயே நிறுவிக்கொள்ள முடியும் என்பதால், உறுப்பினர்களின் போன் எண்கள் நம் கையை விட்டுப் போவதில்லை. வீட்டுக் கணினியில் டாக்கர் என்ற மென்பொருள் மூலம் நிறுவிப் பழகிப் பார்க்கலாம், ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு டொமைன் பெயருடன் கூடிய சிறிய வாடகை சர்வரே ஏற்றது. மின்வெட்டு ஒரு காரணம். மற்றொரு காரணத்தை ஒப்புதல் படியில் சொல்கிறேன்.

நிறுவியவுடன் முதலில் செய்ய வேண்டியது, நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றுவது. நாமே நிறுவும் என்8என்னில் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் நியூயார்க் நேரமே இருக்கும். இதைக் கவனிக்காமல் நான் காலை 6 மணி என்று வைத்த தேடல், பிற்பகல் மூன்றரைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய செய்தி ஏன் ஒரு நாள் பழசாக வருகிறது என்று ஒரு வாரம் தேடுபொறியைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

என்8என்னில் ஒவ்வொரு படியும் ஒரு கணு; கணுக்களின் தொடர் பணிப்பாய்வு. ஷெட்யூல் ட்ரிக்கர் என்ற முதல் கணுவில் காலை 6 மணி, மாலை 4 மணி என இரண்டு வேளைகளை வைக்கவும். அதை அடுத்து ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் கணுவை இணைத்து, தேடல் முடிவுகளைக் கணினி எளிதில் படிக்கும் ஜேசான் வடிவில் தரும் செர்ப்ஏபிஐ போன்ற ஒரு சேவையின் முகவரியையும் அது உங்களுக்குத் தரும் ரகசியச் சாவியையும் கொடுக்கவும். சாவியைக் கணுவுக்குள் நேரடியாக எழுதாமல் கிரெடென்ஷியல் பகுதியில் சேமித்தால், பணிப்பாய்வை வேறொருவருக்குப் பகிரும்போது சாவியும் சேர்ந்து போகாது. நாடாக இந்தியாவையும் மொழியாகத் தமிழையும், கால வரம்பாகக் கடந்த 24 மணி நேரத்தையும் குறிப்பிடவும். ஒரு வேளைக்கு மூன்று தேடல் என்றால் மாதத்துக்கு 180 ஆகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேவையின் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தேடல் சொற்களில்தான் நம் கடற்கரை தன் குறும்பைக் காட்டும். மண்டபம் என்று தேடினால் கல்யாண மண்டபங்கள் வந்து குவியும். பாம்பன் என்றால் பாம்பன் சுவாமிகளும் பாலத்தைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளும் முன்னால் நிற்பார்கள். தொண்டி என்றால் சேரர் துறைமுகம் வரும். ஆகவே ஊர்ப் பெயருடன் 'மீனவர்', 'விசைப்படகு', 'நாட்டுப்படகு', 'டோக்கன்' ஆகியவற்றில் ஒன்றையாவது சேர்ப்பதுடன், வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறியிட்டு அதை விலக்கவும். இராமேஸ்வரம், ராமேஸ்வரம், ராமேசுவரம் என ஒரே ஊரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டு மீனவர் மீனவர்களுக்கு ஆகிறார். எல்லா வடிவங்களையும் ஒரே தேடலில் திணிப்பதை விட, இரண்டு மூன்று தேடல்களாகப் பிரிப்பது எனக்கு நன்றாகப் பலன் தந்தது.

வரும் முடிவுகளை ஸ்ப்ளிட் அவுட் கணுவால் தனித்தனியாகப் பிரித்து, ரிமூவ் டூப்ளிகேட்ஸ் கணுவில் முந்தைய ஓட்டங்களில் வந்தவற்றையும் நீக்கும் வசதியைத் தேர்ந்து, இணைப்பு முகவரியை அடையாளமாகக் கொடுக்கவும். இல்லையென்றால் காலையில் வந்த செய்தியே மாலையிலும் வரும். கால வரம்பு வைத்த பிறகும் தேதியைக் கண்ணால் பார்ப்பது அவசியம். 'பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம், மீனவர்கள் கடலுக்குச் செல்லத் தடை' என்ற தலைப்பு வடகிழக்குப் பருவமழைக் காலங்களில் ஏறக்குறைய இதே சொற்களில் திரும்பத் திரும்ப வரக்கூடியது. பழைய பக்கம் ஒன்றை யாரேனும் புதுப்பித்துவிட்டால், தேடுபொறிக்கு அது இன்றைய செய்தியாகவே தெரியும்.

அதனால்தான் தேடலுக்கும் குறுஞ்செய்திக்கும் நடுவே ஒரு மனிதர் இருந்தே ஆக வேண்டும் என்கிறேன். டெலிகிராம் கணுவில் செய்தியை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் வசதி உண்டு. அதில் படிவம் என்ற வகையைத் தேர்ந்து, தலைப்பும் இணைப்பும் சங்கச் செயலாளரின் டெலிகிராமுக்குப் போகும்படி வைக்கவும். அவர் இணைப்பைத் திறந்து படித்து, சரியென்றால் ஊர், தேதி, செய்தி ஆகிய மூன்று கட்டங்களை நிரப்புவார். ஐயம் இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போடுவார். அவர் எங்கிருந்தாலும் இந்தப் படிவம் திறக்க வேண்டுமானால் நம் என்8என்னுக்குப் பொது இணைய முகவரி வேண்டும். வாடகை சர்வர் என்று முன்பு சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

குறுஞ்செய்தியைப் பொறுத்தவரை, கருவியை விடச் சட்டமே முதலில் குறுக்கே வரும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, மொத்தமாகச் செய்தி அனுப்பும் அமைப்பு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி எனப்படும் பதிவுத் தளத்தில் தன்னைப் பதிவு செய்து, அனுப்புநர் பெயராகிய ஹெடரையும் செய்தியின் மாதிரி வடிவமான வார்ப்புருவையும் முன்கூட்டியே அங்கீகரிக்கச் செய்ய வேண்டும். பதிவு பெற்ற சங்கம் என்றால் அதன் பெயரிலேயே விண்ணப்பிப்பது நல்லது. வார்ப்புருவில் மாறக்கூடிய இடங்களைத் தவிர மற்றவை எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும்; ஒரு முற்றுப்புள்ளி கூடினாலும் செய்தி நின்றுபோகலாம். 2024 அக்டோபர் முதல், முன்பே பதிவு செய்யாத இணைய முகவரி கொண்ட செய்திகளும் தடுக்கப்படுகின்றன. ஆகவே தேடலில் கிடைத்த இணைப்பை அப்படியே உறுப்பினருக்கு அனுப்பும் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். பட்டன் போனில் அதைத் திறக்கவும் முடியாது.

அடுத்தது நீளம். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழ் யூனிகோடில் 70 மட்டுமே. அந்த 70-உம் நம் கண் எண்ணும் எழுத்துகள் அல்ல. 'ராமேஸ்வரம்' நமக்கு ஆறு எழுத்து; துணைக்காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்குப் பத்து. எங்கள் வார்ப்புரு, கட்டங்களை நிரப்பிய பின் இப்படி இருக்கும்:

ராமேஸ்வரம்: 14/11 டோக்கன் இல்லை. விவரம் சங்க அலுவலகத்தில்.

இடைவெளியும் குறிகளும் சேர்த்து இது 58. இன்னும் 12 மிச்சம் இருக்கிறது. 71-ஐத் தொட்டால் செய்தி இரண்டாக உடைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் 67 என்ற கணக்கில் இரட்டைக் கட்டணம் ஆகும். நாற்பது உறுப்பினர்களுக்கு எண்பது செய்தி. படிவத்துக்கு அடுத்து ஒரு கோட் கணு வைத்து நீளத்தை எண்ணி, 70-ஐத் தாண்டினால் செயலாளருக்கே திருப்பி அனுப்பச் செய்யவும். 'நாளை' என்று எழுதாமல் தேதியை எழுதுவதற்கும் காரணம் உண்டு: சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தவருக்குச் செய்தி மறுநாள் போய்ச் சேர்ந்தால், அவருடைய நாளை வேறாகிவிடும்.

அனுப்பும் படிக்கு மீண்டும் ஒரு ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் கணு போதும். உங்கள் குறுஞ்செய்தி சேவை கேட்கும் சாவி, ஹெடர், வார்ப்புரு எண், செய்தி, போன் எண் ஆகியவற்றை நிரப்பி, மொழி வகை யூனிகோட் என்பதை மறக்காமல் குறிப்பிடவும்; விட்டுவிட்டால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் போகக்கூடும். என்8என்னில் ஒரு கணு, தனக்குள் வரும் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒருமுறை ஓடும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். மூன்று செய்தியும் நாற்பது எண்ணும் சேர்ந்து வந்தால் 120 முறை அனுப்பிவிடும். லிமிட் கணுவால் ஒரு வேளைக்கு ஒரு செய்தி என்று கட்டுப்படுத்தி, முதல் சில நாள்கள் உங்கள் எண்ணை மட்டும் பட்டியலில் வைத்துச் சோதித்த பிறகு மற்றவர்களைச் சேர்க்கவும். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரின் சம்மதத்தையும் சங்கப் பதிவேட்டில் கையெழுத்தாக வாங்கிவிடுங்கள்.

சேவை '200' (கோரிக்கை வந்து சேர்ந்தது என்ற குறி) என்று பதில் தந்துவிட்டதாலேயே செய்தி போய்விட்டது என்று கொள்ள முடியாது. இருப்பு தீர்ந்தது, வார்ப்புரு பொருந்தவில்லை போன்ற பிழைகள் பல நேரம் அந்தப் பதிலின் உடலுக்குள்தான் எழுதப்பட்டிருக்கும். இஃப் கணு ஒன்றால் அதைப் படித்துப் பார்த்து, தவறு இருந்தால் உங்களுக்குத் தகவல் வரச் செய்யவும். எர்ரர் ட்ரிக்கர் கொண்ட தனிப் பணிப்பாய்வு ஒன்றும் இருந்தால், நடுவில் நின்றுபோகும் ஓட்டங்களும் தெரியவரும். செய்தி எதுவும் கிடைக்காத நாளில் ஏற்பாடு வாய் திறக்காது. பழுதாகிக் கிடக்கும் நாளிலும் அப்படித்தான். இரண்டையும் பிரித்தறிய, ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் எண்ணுக்கு மட்டும் அந்த வாரத் தேடல்களின் எண்ணிக்கையை அனுப்பும்படி வைத்து, அது வராத ஞாயிறன்று சர்வரைத் திறந்து பாருங்கள்.