சுசீந்திரம் பாலத்தில் ஒரு புள்ளி: பழையாற்றின் நீர்ப்பிடிப்பை நீங்களே வரையலாம்

கன்னியாகுமரி மாவட்டத்தில், பழையாற்றுத் தண்ணீர் வரும் எங்கள் ஊர்க் குளத்தில் போன வருடம் கோழிக்கழிவு மூட்டைகள் ஒதுங்கத் தொடங்கின. வாரத்துக்கு நாலைந்து. யார் போடுகிறார்கள் என்று ஆளாளுக்கு ஒரு ஊரைக் கைகாட்டினார்கள். சரி, தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வருகிறதென்று, அதாவது ஆற்றின் நீர்ப்பிடிப்பை, வரைபடமாகப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மாலையில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று வாரம் இழுத்தது. உங்களுக்கு அவ்வளவு ஆகக்கூடாது என்றுதான் இந்தப் பதிவு.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை நிறுவத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். இலவசம்தான். கூகுள் எர்த் போதாதா என்றால், பழைய செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாகப் புரட்டிப் பார்க்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் சரியும் என்று அது கணக்குப் போட்டுத் தராது.

முதலில் நில உயரத் தரவு வேண்டும். விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு, 30 மீட்டர் கட்டங்களாக உள்ளது, போதும். ஒவ்வொரு கோப்பும் ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி சதுரம். நம் மாவட்டம் முழுக்க ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடுகிறது. கோப்பின் பெயரிலேயே என்08ஈ077 என்று இருக்கும். அதை மாவட்ட எல்லையில் வெட்டாதீர்கள். மலைமுகட்டுக்கு மாவட்ட எல்லை தெரியாது. வெட்டிவிட்டால், பிறகு வரும் நீர்ச்சேர்க்கை அடுக்கில் (ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நிலத்தின் தண்ணீர் வந்துசேர்கிறது என்று காட்டும் படம்) எதிர்மறை எண்கள் தலைகாட்டும். 'வெளியிலிருந்தும் இங்கே தண்ணீர் வருகிறது, அது என் கணக்கில் இல்லை' என்று மென்பொருள் சொல்லும் விதம் அது.

அடுத்து 'வார்ப்' கருவியால் கோப்பை டிகிரியிலிருந்து மீட்டருக்கு மாற்றுங்கள். மீட்டரில் இடத்தைக் குறிக்கும் யுடிஎம் முறையில் நமக்கானது மண்டலம் 43 வடக்கு; மென்பொருளில் அதன் குறியெண் இபிஎஸ்ஜி 32643. மறுமாதிரி முறையில் (புதிய கட்டங்களுக்கு உயரத்தைக் கணக்கிடும் முறை) 'பைலீனியர்' என்று தேர்ந்தெடுங்கள். 'நியரஸ்ட்' விட்டால் தரையில் கோடுகோடாகப் படிக்கட்டு விழும்.

பிறகு கியூஜிஐஎஸ்ஸுக்குள் இருக்கும் கிராஸ் கருவிகளில் 'ஆர்.வாட்டர்ஷெட்'. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி எங்கே ஓடையாகச் சேரும் என்று அது கணக்கிடும். குறைந்தபட்ச அளவாக 1000 கொடுங்கள். ஒரு கட்டம் 900 சதுர மீட்டர் என்பதால் 1000 கட்டம் கிட்டத்தட்ட 90 ஹெக்டேர். அதைவிடச் சின்ன ஓடை வேண்டுமென்றால் எண்ணைக் குறையுங்கள். ஓட்டத்திசை அடுக்கு, ஓடை அடுக்கு இரண்டையும் மறக்காமல் சேமித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் நான் சறுக்கிய இடம். 'ஆர்.வாட்டர்.அவுட்லெட்' கருவியிடம் ஒரு புள்ளியைக் காட்டினால், அந்தப் புள்ளிக்கு வந்துசேரும் நிலம் முழுவதையும் அது நிறமிட்டுத் தரும். பழையாறு கடலில் சேரும் இடம் மணக்குடி, ஆகவே மணக்குடிக் காயலில் புள்ளி வைத்தேன். வந்தது நகத்தளவு துணுக்கு. கழிமுகம் தட்டையான நிலம், உயரமெல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று மென்பொருளுக்கே குழப்பம். சரி என்று மேலே ஏறி சுசீந்திரம் பாலத்தில் வைத்தேன். மறுபடியும் துணுக்கு! இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: செயற்கைக்கோள் படத்தில் பாலத்தைப் பார்த்து அதன்மேல் சொடுக்கியிருக்கிறேன், ஆனால் கணக்கில் வந்த ஆறு இரண்டு கட்டம் தள்ளி ஓடுகிறது. எஸ்ஆர்டிஎம் ஓரளவு மர உச்சியையும் சேர்த்தே அளக்கும். கரையெல்லாம் தென்னந்தோப்பு இருக்கும் ஊரில் ஆறு கொஞ்சம் விலகித்தான் விழும். ஆகவே செயற்கைக்கோள் படத்தை அணைத்துவிடுங்கள். ஓடை அடுக்கை மட்டும் வைத்து, கட்டங்கள் தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்கி, ஓடைக் கட்டத்தின் நடுவில் சொடுக்குங்கள். ஒரு கட்டம் தவறினாலும் கிடைப்பது பக்கத்து வீட்டுக் கொல்லைதான்.

சொடுக்கியதும் வரும் எண்களையும் (அந்த இடத்தின் கிழக்கு, வடக்கு ஆயங்கள்) பாருங்கள். ஏறக்குறைய 7.7 லட்சம், 9 லட்சம் என்று இருந்தால் சரி. 77, 8 என்று இருந்தால் திட்டம் இன்னும் டிகிரியில்தான் நிற்கிறது.

படம் வந்துவிட்டது. வேளிமலைப் பக்கமும் சுருளகோடு பக்கமும் முகடுகள் அழகாக விழுந்தன. ஆனால் ஒன்று இடித்தது. மூட்டைகள் வந்த நாட்களில் சிலவற்றில் மழையே கிடையாது. வயலுக்கு மடை திறக்க வந்த பெரியவரிடம் கேட்டேன். "இது பெருஞ்சாணித் தண்ணியில்லா மக்கா" என்று சிரித்தார்.

பெருஞ்சாணி என் படத்துக்கு வெளியே இருந்தது! அந்த அணை பரளியாற்றில் இருக்கிறது. பரளியாறும் கோதையாறும் சேர்ந்து குழித்துறைத் தாமிரபரணியாகி, தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகும். ஆனால் பாண்டியன்கால் என்ற கால்வாய் பரளியாற்றுத் தண்ணீரில் ஒரு பங்கைப் பழையாற்றுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. மேட்டின் சரிவை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்குக் கால்வாய் வெட்டியவர்களின் வேலை தெரியாது. மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: பரளியாறு கீழே ஓட, பட்டணங்கால் தண்ணீர் மேலே தொட்டியில் ஆற்றையே தாண்டிப் போகிறது.

ஆகவே நம் மாவட்டத்தில் இரண்டு படம் வரையுங்கள். ஒன்று மழைத் தண்ணீருக்கு, இன்னொன்று கால்வாய்த் தண்ணீருக்கு. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உள்ள கால்வாய்க் கோடுகளை இறக்கி மேலே போடுங்கள். விட்டுப்போன கிளைக்கால்கள் நிறைய இருக்கும். நடந்து பார்த்து நீங்களே சேர்க்கலாம். கன்னிப்பூ நெல் பருவத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கும் நாட்களில் போனால் எந்தக் கால் எந்தக் குளத்தில் விழுகிறது, குளம் நிரம்பி வழியும் மறுகால் எங்கே போகிறது என்று கண்ணாலேயே தெரியும். நான் செல்பேசியில் கியூஃபீல்டு (கியூஜிஐஎஸ் படத்தைக் களத்தில் திறக்கும் செயலி) வைத்துக்கொண்டு போவேன். மூட்டை கிடக்கும் இடம், சாக்கடைக் குழாய் விழும் இடம் எல்லாவற்றையும் படத்தோடு குறிக்கலாம், இணையமும் வேண்டாம். மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் மூட்டைகள் விழும் இடம் ஒரே ஒரு சாலைப்பாலம் என்று தெரிந்தது. நாங்கள் கைகாட்டிய ஊர்களில் ஒன்றுகூட இல்லை.

மனு எழுதும்போது 'பாலத்துக்குப் பக்கத்தில்' என்று எழுதாதீர்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் அ-பதிவேட்டை (ஊரின் நிலங்களைச் சர்வே எண் வாரியாகப் பட்டியலிடும் பதிவேடு) பார்த்து, சர்வே எண்ணையும் அது ஆற்றுப் புறம்போக்கா, கால்வாய்ப் புறம்போக்கா என்பதையும் எழுதுங்கள். ஒரே ஒரு ஏ4 தாளில் படம், அதில் சிவப்புப் புள்ளிகள், தேதியோடு நான்கு புகைப்படம். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். முதல் மனு படம் இல்லாமல் கொடுத்தது, எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது. இரண்டாவதுக்கு இடம் பார்க்க ஆள் வந்தார்கள். பாலத்தில் இப்போது கம்பிவலை இருக்கிறது. மூட்டைகள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை.

பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த இருவர் கிராஸ் கருவிகளே காணோம் என்றார்கள். செருகுநிரல் பட்டியலில் 'கிராஸ் பிராசசிங் புரொவைடர்' முன்னால் டிக் போடுங்கள். இன்னொருவருக்கு எல்லாம் ஓடியும் வெற்றுப் படம் வந்தது. அவர் கோப்புறைக்குப் 'பழையாறு' என்று தமிழில் பெயர் வைத்திருந்தார். ஆசைதான், ஆனால் கிராஸுக்கு அது சில கணினிகளில் ஒத்துக்கொள்வதில்லை. ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வைத்ததும் ஓடிவிட்டது.