இலைச் செல்லுக்குள் ஓடும் புரத மோட்டார்களின் வேலையைக் காண்பது எப்படி?

செல்லின் மூலக்கூறு எந்திரங்களைப் படத்தில் படிப்பதைவிட, அவற்றின் வேலையை நேரில் பார்ப்பதே சிறந்த தொடக்கம். அதற்கு ஹைட்ரில்லா என்னும் நீர்த்தாவரத்தின் ஓர் இளம் இலையும், 400 மடங்கு பெரிதாக்கும் சாதாரண ஒளி நுண்ணோக்கியும் போதும்.

செடியை வெதுவெதுப்பான நீரில், நல்ல வெளிச்சத்தில் அரை மணி நேரம் வைத்த பின், நுனிக்கு அருகிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, கண்ணாடித் தகட்டில் வைத்து, அதே நீரில் ஒரு துளியிட்டு, காற்றுக்குமிழி புகாதபடி கவர்ஸ்லிப் என்னும் மெல்லிய கண்ணாடியால் மூடுங்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் நடுநரம்பைக் கண்டறிந்து, அதையொட்டிய நீண்ட செல்களுக்கு நகருங்கள். தொடக்கத்தில் எதுவும் அசையாமல் இருக்கலாம்; அவசரப்பட்டு இலையை மாற்ற வேண்டாம், விளக்கொளியே பெரும்பாலும் செல்லுக்குள் ஓட்டத்தைத் தூண்டிவிடும்.

பசுங்கணிகங்கள் எனப்படும் பச்சை நுண்ணுறுப்புகள் செல்சுவரையொட்டி ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து, மூலையில் திரும்பி, எதிர்ப்பக்கம் வழியே மீள்வதைக் காண்பீர்கள். ஆக்டின் என்னும் புரதத்தாலான இழைகளின்மேல் மயோசின் என்னும் புரத மோட்டார், ஒவ்வோர் அடிவைப்புக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபியின் ஒரு மூலக்கூற்றைச் செலவிட்டு, சுமார் 35 நானோமீட்டர் தூரம் எட்டுவைத்து நடக்கிறது. அது சுமக்கும் நுண்ணுறுப்புகளோடு, செல்லை நிரப்பும் கூழ்மமான சைட்டோபிளாசமும் இழுபட்டு ஓடுகிறது. இத்தாலிய அறிவியலாளர் போனவெந்துரா கோர்த்தி 1774இல் விவரித்த இந்த ஓட்டத்தில் மோட்டார் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் உழைப்பு ஐயமின்றித் தெரியும். கண்வில்லையில் அளவுகோல் இருந்தால், ஒரு பசுங்கணிகம் கடக்கும் தொலைவை நேரத்தால் வகுத்து வேகத்தைக் கணக்கிடுங்கள். பின்னர் குளிர்ந்த நீரை ஊற்றி மீண்டும் அளந்தால், வேகம் குறைவது எண்ணிலேயே தெரியும்.