வெளிநாட்டிலிருந்து வந்து ஏ9இல் கார் ஓட்டுவதற்கு முன்

கிளிநொச்சியில் பதினைந்து வருடமாக ஹயர் வான் ஓட்டுகிறேன். கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று லீவுக்கு வருகிறவர்கள் "நானே ஓட்டுகிறேன்" என்று திறப்பைக் கேட்டால் மறுக்கமாட்டேன். ஆனால் முதல் நாளே ஏ9 றோட்டில், அதாவது கண்டி–யாழ்ப்பாணம் பெரிய றோட்டில், ஏற விடமாட்டேன். இலங்கையில் றோட்டின் இடப்பக்கம் ஓட்ட வேண்டும், அங்கே வலப்பக்கம். அங்கே வருடக்கணக்காகப் பழகிய கை, ஒரு அவசரம் வந்தால் அந்தப் பழக்கத்துக்கே ஓடும். அதை மாற்ற இரண்டு காலைப்பொழுதாவது வேண்டும்.

முதலில் பத்திரம். அங்கத்தைய லைசென்ஸ் மட்டும் போதாது. இங்கே செல்லுபடியாகும் அனுமதியைக் கையில் எடுத்த பிறகே ஸ்டியரிங்கைத் தொடுங்கள்.

இங்கே ஓடுகிறவை பெரும்பாலும் ஜப்பான் கார்கள். வாகன்ஆர், விட்ஸ், அக்வா எல்லாம் ஓட்டோ கியர். இந்திய ஆல்ட்டோ என்றால் அநேகமாக மனுவல். கனடாவில் ஓட்டோ மட்டும் ஓட்டியவர்கள் ஆல்ட்டோவை எடுக்க வேண்டாம். கிளட்ச், பிரேக், அக்ஸிலேற்றர் அதே வரிசைதான், ஆனால் கியர் இடக்கைக்கு வந்துவிடும். வாகன்ஆருக்கு இருப்பது 660 சிசி எஞ்சின். நாலு பேரையும் பெட்டிகளையும் ஏற்றி ஏசியும் போட்டால், பஸ்ஸை முந்த நீங்கள் நினைப்பதைவிட நீண்ட தூரம் வேண்டும். அங்கே பெரிய ஜீப் ஓட்டியவர்கள் இதை மனதில் வைத்திருங்கள்.

போன வைகாசியில் என் தம்பி ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தான். முதல் காலை உள் றோட்டில் ஓட விட்டேன். வளைவுக்கு வளைவு வைப்பர் ஓடியது. ஜப்பான் கார்களில் சிக்னல் தடி வலப்பக்கம், அவன் ஓட்டும் காரில் இடப்பக்கம். "அண்ணா, கை தானாப் போகுது" என்றான். காரை நிறுத்தி வைத்துக்கொண்டு இருபது தடவை இடம், வலம் என்று சிக்னல் போடச் சொன்னேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்தது இடப்பக்கச் சில்லு. உங்கள் உடம்பு வலப்பக்கம் இருப்பதால் காரின் இடப்பக்கம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பயத்தில் ஓரத்துக்கு ஒதுங்கிப் போவீர்கள். தார் முடிந்து கிறவலில் ஒரு சில்லு இறங்கினால், வேகத்தில் வெட்டி ஏற்றக்கூடாது. அக்ஸிலேற்றரை விட்டு, வேகம் குறைந்தபின் மெதுவாக ஏற்ற வேண்டும். பழகுவதற்கு றோட்டு ஓரத்தில் வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வைத்து, இடப்பக்க முன்சில்லை அதன்மேல் ஏற்றிப் பாருங்கள். தம்பிக்கு ஏழாவது தடவைதான் போத்தல் நசிந்தது.

உள் றோட்டிலிருந்து பெரிய றோட்டில் ஏறும் இடம்தான் ஆபத்து. வாகனமே இல்லாத வெறும் றோட்டாக இருந்தால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் பின்தொடர ஒரு வாகனம் இருக்காது, கை பழைய பக்கத்துக்கே திருப்பிவிடும். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எந்த நாட்டிலும் ஓட்டுகிறவர் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். உங்கள் தோளுக்குப் பக்கத்தில் புல் தெரிந்தால் பிழையான பக்கம் நிற்கிறீர்கள்.

சரி, நான் அதிகம் பயப்படுவது லைற்றுக்கு. அங்கே எதிரே வருகிறவர் லைற் அடித்தால் பெரும்பாலும் "நீங்கள் போங்கள்" என்று விடுகிறார். இங்கே "நான் வருகிறேன், நில்" என்று அர்த்தம். மாங்குளம் சந்தியில் பஸ் ஒன்று லைற் அடிக்க, தம்பி தனக்கு வழி விடுகிறார்கள் என்று நினைத்துக் காரை முன்னுக்கு எடுத்தான். நான் ஹான்ட்பிரேக்கை இழுத்தேன். பஸ் எங்கள் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் போனது. பின்சீற்றில் அம்மா இருந்தா. அதன்பிறகு நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

வேகம் ஊருக்குள் 50, வெளியே 70. ஏ9 நேராக, வழுவழுப்பாகக் கிடப்பதால் சுவிஸில் 120இல் ஓடியவருக்கு 70 ஊர்வதுபோல இருக்கும். ஆனால் இங்கே அதே றோட்டில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். மாசி, பங்குனியில் ஓரத்தில் நெல் காயும்.

இருட்டினால் ஓட்டாதீர்கள். தார்ச் சூட்டுக்கு மாடுகள் நடு றோட்டில் படுத்திருக்கும். லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் பின்லைற் இல்லாமல் போகும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காமல், லைற் அடிக்காமல், அது தானாக விலகும்வரை இருங்கள். கண்ணிவெடி எச்சரிக்கையான சிவப்பு மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்தில் எதற்காகவும் றோட்டை விட்டுக் காட்டுக்குள் இறங்கக்கூடாது.

நாலாம் நாள் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குத் தம்பிதான் அம்மாவைக் கூட்டிப் போனான். நான் பக்கத்து சீற்றில் இருந்தேன். புதுக்குடியிருப்பு தாண்டியும் கை ஹான்ட்பிரேக்கில்தான் இருந்தது.