தையல் கடை கவுண்டருக்கு ஒரு ஃபார்ம்: விசுவல் ஸ்டுடியோவில் முதல் படிகள்

தாராவி 90 அடி ரோட்டில் ஒரு தையல் கடை என்று வைத்துக்கொள்வோம். கவுண்டரில் ஒருவர், எதிரே அவசரத்தில் நிற்கும் வாடிக்கையாளர்கள். அந்தக் கவுண்டருக்கு ஆர்டர் பதியும் ஃபார்ம் ஒன்று செய்யப்போகிறோம்.

மைக்ரோசாஃப்டின் மென்பொருள் எழுதும் கருவியான விசுவல் ஸ்டுடியோவில் விண்டோஸ் ஃபார்ம்ஸ் புராஜெக்ட் தொடங்கினால் வெறும் ஃபார்ம் ஒன்று வந்து நிற்கும். உடனே டூல்பாக்ஸ் என்ற பட்டியலிலிருந்து பெட்டிகளை இழுத்துப் போடாதீர்கள். கவுண்டரில் கேள்விகள் எந்த வரிசையில் வருகின்றன என்று முதலில் காகிதத்தில் எழுதுங்கள். மொபைல் நம்பர், பெயர், என்ன தைக்க வேண்டும், டெலிவரி தேதி, முன்பணம். ஃபார்மும் மேலிருந்து கீழே இதே வரிசையில் இருக்கட்டும். பழைய வாடிக்கையாளரை நம்பரை வைத்தே தேடிவிடலாம் என்பதால் மொபைல்தான் முதலில்.

இப்போது லேபிள் (பெட்டியின் பெயர் காட்டும் எழுத்து), டெக்ஸ்ட்பாக்ஸ் (தட்டச்சு செய்யும் பெட்டி) எல்லாவற்றையும் போடுங்கள். லேபிளைப் பெட்டிக்கு இடப்பக்கம் வைப்பதைவிட மேலே வைப்பதே நல்லது என்பேன். மும்பைக் கடையில் இன்று தமிழில் இருக்கும் லேபிள் நாளை இந்திக்கோ மராத்திக்கோ மாறலாம். எழுத்து நீண்டாலும் பெட்டியை மறைக்காது. தமிழுக்கு நிர்மலா யூஐ எழுத்துரு விண்டோஸிலேயே இருக்கிறது. அளவை 11 ஆக்குங்கள், கண்ணுக்குச் சிரமம் இருக்காது.

பெட்டிகள் கோணல்மாணலாக இருந்தால் கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் மெனுவில் அலைன், லெஃப்ட்ஸ் கொடுங்கள். முதலில் தேர்ந்தெடுத்த பெட்டிக்கு நேராக மற்றவை வந்து நிற்கும்.

எது எதற்கு எந்தப் பெட்டி? சட்டை, பேண்ட், பிளவுஸ் போன்றவற்றைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் காம்போபாக்ஸ் வையுங்கள். மொபைலுக்கு டெக்ஸ்ட்பாக்ஸ், மேக்ஸ்லெங்த் (அதிகபட்ச எழுத்துகள்) 10. தேதிக்கு, காலண்டரில் தேர்ந்தெடுக்கும் டேட்டைம்பிக்கர், ஃபார்மட் ஷார்ட். ஆனால் அது விண்டோஸின் ரீஜியன் அமைப்பைப் பார்த்துத்தான் தேதியைக் காட்டும். கடைக் கம்ப்யூட்டரில் அமெரிக்க அமைப்பு இருந்தால் மாதம் முன்னால் வந்துவிடும். மே 6 டெலிவரியை ஜூன் 5 என்று படித்துவிடுவார்கள். அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் டேப் ஆர்டர், அதாவது டேப் கீயைத் தட்டினால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகும் வரிசை. வியூ மெனுவில் டேப் ஆர்டரைத் திறந்தால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண் தெரியும். காகிதத்தில் எழுதிய வரிசைப்படியே சொடுக்கிக்கொண்டு போய், முடிந்ததும் எஸ்கேப் தட்டுங்கள்.

எண்டர் கீ விஷயத்தில் நிதானம் வேண்டும். எண்டர் தட்டினால் எந்தப் பட்டன் வேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் ஃபார்மின் அக்செப்ட்பட்டன் பண்பில் 'சேமி' பட்டனைக் கொடுக்கச் சொல்லிப் பல பாடங்கள் இருக்கும். ஆனால் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பழகியவர் பெயரை அடித்ததும் எண்டர் தட்டுவார்; அங்கே அது அடுத்த இடத்துக்குப் போகும், இங்கே பாதி ஆர்டர் சேமிப்பாகிவிடும். கடைக்காரரின் கைப்பழக்கத்தை மாற்றச் சொல்வது நியாயமில்லை. அக்செப்ட்பட்டனைக் காலியாக விடுங்கள். கீ தட்டுவதை ஃபார்மே முதலில் பார்க்கும்படி கீபிரிவியூவை ட்ரூ ஆக்கி, கீடவுன் நிகழ்வில் எண்டர் வந்தால், அடுத்த பெட்டிக்கு நகர்த்தும் செலக்ட்நெக்ஸ்ட்கண்ட்ரோலை அழையுங்கள். 'டிங்' சத்தம் வராமலிருக்க சப்ரஸ்கீபிரஸ்ஸையும் ட்ரூ ஆக்குங்கள்.

சரி, எஃப்5 தட்டி ஃபார்மை ஓட விடுங்கள். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு ஆர்டரை முழுக்கப் பதிந்து பாருங்கள். கை எங்கே மவுஸைத் தேடுகிறதோ, அங்கே டேப் ஆர்டரைத் திருத்துங்கள்.