டெல்லியிலிருந்து ஒரே நாளில் தாஜ்மகால்: குழுவாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லிக்குச் சுற்றுலா போகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரு நாளை ஆக்ராவுக்கு ஒதுக்கிவிடுவார்கள். கரோல் பாக், பஹாட்கஞ்ச் பக்கம் தங்கினால் லாட்ஜ் வரவேற்பு மேசையிலேயே அதற்கான நோட்டீஸ் கிடக்கும்: ஏசி பஸ், கூடவே வழிகாட்டி, தாஜ்மகால், ஆக்ரா கோட்டை, மதுரா, பிருந்தாவனம், இரவு டெல்லி திரும்புதல். தனியாக வண்டி பிடிப்பதைவிட மலிவு. வயதானவர்களை அழைத்துப் போகவும் வசதி. குழுப் பயணத்தில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பஸ்ஸில் ஏறியதும் நம் நேரம் இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது. அந்த நேரத்தில் தாஜ்மகாலுக்கு எவ்வளவு என்று பணம் கட்டும் முன்பே கேட்காததுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பஸ் ஆறரைக்குக் கிளம்பும் என்பார்கள். ஒவ்வொரு ஹோட்டல் வாசலிலும் ஆள் ஏற்றி நகரத்தைத் தாண்டவே எட்டாகிவிடும். யமுனா எக்ஸ்பிரஸ்வே 165 கிலோமீட்டர். நடுவில் காலை உணவுக்கு அரை மணி நேரம் நிறுத்துவார்கள். ஆக்ராவுக்குள் நுழையும்போது பன்னிரண்டை ஒட்டியிருக்கும். பஸ்ஸை வாகன நிறுத்தத்தில் விட்டு, அங்கிருந்து பேட்டரி வண்டியில் வாசலுக்குப் போய், சோதனை வரிசையில் நின்று உள்ளே போக ஒரு மணி தாண்டும். மதுராவும் பிருந்தாவனமும் பட்டியலில் இருந்தால், உள்ளே நுழைந்த கையோடு வழிகாட்டி கடிகாரத்தைக் காட்டுவார்: "ஒரு மணி நேரத்தில் எல்லாரும் பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள்." பதினாலு பதினைந்து மணி நேரப் பயணத்தில் எதற்காகக் கிளம்பினோமோ அதற்கு மிஞ்சுவது அவ்வளவுதான்.

எனவே முதல் கேள்வி விலை அல்ல. "தாஜ்மகாலுக்குள் எத்தனை மணி நேரம் விடுவீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். நுழைவுச் சீட்டே மூன்று மணி நேரத்துக்குச் செல்லும்.

நான்கு ஊரை ஒரே நாளில் அடைப்பது

மதுராவும் பிருந்தாவனமும் பார்க்க வேண்டிய தலங்கள்தான், ஆனால் அந்த நாளில் வேண்டாம். மதுராவின் கிருஷ்ண ஜென்மபூமிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. பையையும் போனையும் ஒப்படைக்க ஒரு வரிசை, திரும்ப வாங்க இன்னொரு வரிசை. அந்தப் பக்கத்துக் கோயில்கள் மதியம் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். அதனால் ஆக்ராவில் நம்மை விரட்டிக் கிளப்பிக் கொண்டுவந்து, அங்கே நடை திறக்கக் காத்திருக்க வைப்பதும் நடக்கிறது. பிருந்தாவனத்துச் சந்துகளில் குரங்குகள் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போகும். பழச்சாறு பாக்கெட்டைக் கொடுத்துத்தான் கண்ணாடியை மீட்க வேண்டியிருக்கும். இருட்டிய பிறகு, களைத்த பெரியவர்களுக்கு இது தேவையா? மதுராவுக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அக்பர் கட்டிய ஃபதேபூர் சிக்ரி நகரத்துக்கும் இதே பதில்தான். ஆக்ராவிலிருந்து இன்னும் 37 கிலோமீட்டர் மேற்கே போக வேண்டும். டெல்லியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்குத் தாஜ்மகாலும் ஆக்ரா கோட்டையும் போதும், அதுவே நிறைவான நாள்.

வெள்ளிக்கிழமை

தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தொழுகைக்கு வருபவர்களைத் தவிர யாரையும் விடமாட்டார்கள். இது தெரியாமல் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையும் "ஆக்ரா டூர்" நடத்தி, யமுனைக்கு அக்கரையில் உள்ள மேத்தாப் பாக் தோட்டத்திலிருந்து காட்டிவிட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. அக்கரைக் காட்சி அழகுதான், ஆனால் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டால் ஆக்ரா கோட்டை, இதிமாத் உத் தௌலா கல்லறை, மேத்தாப் பாக் மூன்றையும் பார்த்துவிடுங்கள். நூர்ஜஹான் தன் தந்தைக்காகக் கட்டிய அந்தச் சிறிய கல்லறைதான், பளிங்கில் வண்ணக் கல் பதிக்கும் கலையைத் தாஜுக்கு முன்பே பெரிய அளவில் காட்டிய கட்டடம்.

டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் பனிமூட்டத்தையும் கணக்கில் சேருங்கள். எக்ஸ்பிரஸ்வேயில் பத்தடிக்கு முன்னால் போகும் லாரி தெரியாது, விபத்துகளும் நடக்கின்றன. காலையில் தாஜ்மகாலே கண்ணுக்குத் தெரியாத நாட்கள் உண்டு. அந்த மாதங்களில் அதிகாலை நாலு மணிக்குப் பஸ் விடுகிறேன் என்பவரை நம்பி ஏறாதீர்கள். மே, ஜூன் மாதங்களில் நேர்மாறு: வெயில் 45 டிகிரியைத் தொடும், மதியம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்தரையில் நடப்பது பெரும்பாடு. ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துப் போனால் பிழைத்தீர்கள்.

சீட்டும் சோதனையும்

"எல்லாம் சேர்த்துத்தான் இந்த விலை" என்று சொன்னால், எல்லாம் என்றால் என்னென்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலான மலிவு டூர்களில் நுழைவுச் சீட்டு சேராது. இதை எழுதும்போது இந்தியர்களுக்கு வளாகத்துக்குள் போக 50 ரூபாய், கல்லறை மேடைக்கும் உள்ளேயும் போக மேலும் 200 ரூபாய். பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம். இந்த 200 ரூபாய்ச் சீட்டை எடுக்க வேண்டாம், உள்ளே ஒன்றுமில்லை, இருட்டறைதான் என்று சில வழிகாட்டிகள் சொல்வார்கள். நேரம் மிச்சமாகும் என்பதுதான் அவர்கள் கவலை. தயவுசெய்து எடுங்கள். தாஜ்மகாலின் நுணுக்கம் அத்தனையும் அந்த மேடையின் மேல்தான் இருக்கிறது. இலங்கையிலிருந்து வருகிற நம்மவர்களுக்கு ஒரு தகவல்: சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளுக்கான தனிக் கட்டணம் உண்டு. வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய் என்றால் இது 540. பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் இந்தச் சலுகை. அதை டெல்லி ஹோட்டலில் பூட்டி வைத்துவிட்டு வராதீர்கள்.

சோதனையில் அதிகம் மாட்டுவது சாப்பாட்டுப் பைதான். புளியோதரை, தயிர்சாதம், முறுக்கு எதையும் உள்ளே விடமாட்டார்கள். பஸ்ஸிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பெரிய பை, கேமரா முக்காலி, தீப்பெட்டி, லைட்டர், புகையிலை எல்லாம் தடை. தண்ணீர் பாட்டில், பணம், போன், வேண்டிய மாத்திரை இவற்றோடு ஒரு சிறிய கைப்பை போதும். ஒருவர் பையில் தடைசெய்த பொருள் இருந்தாலும் அவர் திரும்பப் போய்ப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வரும் வரை மொத்தக் குழுவும் வெயிலில் நிற்க வேண்டும். அப்புறம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் சோதனை வரிசை தனித்தனி. உள்ளே போனதும் எங்கே சேருவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். எந்த வாசல் வழியாக வந்தோம் என்பதையும் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்: கிழக்கு வாசலில் பஸ்ஸை விட்டுவிட்டு மேற்கு வாசலில் வெளியேறினால், மொழி தெரியாத ஊரில் நீண்ட அலைச்சல்.

வழிகாட்டி சொல்வதை எல்லாம் வாங்கிக்கொள்வது

நல்ல வழிகாட்டி கிடைத்தால் தாஜ்மகால் வேறொரு கட்டடமாகத் தெரியும். உரிமம் பெற்றவர்களிடம் படம் ஒட்டிய அடையாள அட்டை இருக்கும். காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். வாகன நிறுத்தத்திலிருந்தே கூட ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் வேறு ரகம். குழுவோடு வரும் வழிகாட்டி இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் மாறி மாறிப் பேசுவார், நாற்பது பேருக்கு நடுவே பாதி காதில் விழாது. முன்னால் போய் நில்லுங்கள்.

இரண்டு கதைகளைக் கட்டாயம் சொல்வார்கள். வேலை முடிந்ததும் ஷாஜகான் கைவினைஞர்களின் கைகளை வெட்டிவிட்டான் என்பது ஒன்று; அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அக்கரையில் தனக்காகக் கறுப்புத் தாஜ்மகால் கட்டத் தொடங்கினான் என்பது இன்னொன்று. 17ஆம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சுப் பயணி தவெர்னியேயின் குறிப்பிலிருந்து கிளம்பிய பேச்சு அது. மேத்தாப் பாக்கில் தோண்டிப் பார்த்தபோது கிடைத்தவை தோட்டமும் எண்கோணக் குளமும்தான். இந்தக் கதைகளில் பதினைந்து நிமிடம் போய்விடுகிறது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் கல்லைப் பார்க்கலாம்.

முதன்மை வாசலிலும் கல்லறை முகப்பிலும் கறுப்புக் கல்லில் பதித்த குர்ஆன் வாசகங்களைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். எல்லா எழுத்தும் ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், அண்ணாந்து பார்க்கிறவர் கண்ணுக்குச் சமமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அமானத் கான் என்ற எழுத்துக் கலைஞரின் வேலை அது. தன் பெயரைப் பொறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்குக் கிடைத்தது. மேடையேறினால், முகப்புச் சுவரின் அடிப்பகுதியில் பளிங்கிலேயே புடைப்பாகச் செதுக்கிய செடிகள் இருக்கும். அவற்றில் நிறமே கிடையாது. காற்றில் ஒருபக்கம் மடிந்த இதழ், குனிந்த மொட்டு எல்லாம் நிழலால் மட்டுமே தெரியும். உள்ளே மும்தாஜின் நினைவுப் பேழை நட்ட நடுவில். பக்கத்தில் ஷாஜகானுடையது, சற்றே பெரிது. அத்தனை சமச்சீரான கட்டடத்தில் நடுக்கோட்டை விட்டு விலகியிருப்பது அது ஒன்றுதான். உண்மையான கல்லறைகள் அதற்கு நேர் கீழே உள்ள அறையில் இருக்கின்றன. பேழைகளைச் சுற்றியுள்ள பளிங்குச் சல்லடைத் தடுப்பில் ஒரே ஒரு பூவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்: அதன் இதழுக்குள்ளேயே நிறம் மாற வேண்டும் என்பதற்காகச் சின்னச் சின்னக் கல்லாக வெட்டி இழைத்திருப்பார்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை என்பது ஒரு வகையில் நல்லது.

வெளியே வந்ததும் கூட்டத்தோடு அப்படியே திரும்பாதீர்கள். மேற்கில் மசூதி, கிழக்கில் அதே அச்சில் இன்னொரு செங்கல் நிறக் கட்டடம். அது சமநிலைக்காகவே கட்டப்பட்டது. அந்த இரண்டின் வளைவுகளுக்குள் நின்றால் நிழலும் கிடைக்கும், தாஜ்மகாலைப் பக்கவாட்டில் அமைதியாகவும் பார்க்கலாம். குழுவில் பாதிப் பேர் அந்த நேரத்தில் பளிங்கு பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுக்க வரிசையில் நிற்பார்கள். 1992இல் டயானா உட்கார்ந்த பெஞ்ச் என்பதால் எப்போதும் கூட்டம். கிடைப்பதே ஒன்றரை மணி நேரம் என்றால் அதில் இருபது நிமிடத்தை ஒரு பெஞ்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

பளிங்குக் கடை

தாஜ்மகாலில் ஒரு மணி நேரம் தந்த அதே குழு, பளிங்குப் பொருள் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்தும். ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் அங்கே கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். மலிவு டூர் மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வாசலில் கைவினைஞர் ஒருவர் சாணைச் சக்கரத்தில் கல் இழைத்துக் காட்டுவார். அந்த வேலை நிஜம், மதிப்புக்குரியது, நின்று பாருங்கள். ஆனால் உள்ளே அலமாரியில் இருப்பதெல்லாம் அதே தரம் இல்லை. மாக்கல்லைப் பளிங்கு என்று விற்பது அங்கே சாதாரணம். அடிப்பக்கத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள்: மாக்கல்லில் கோடு விழும், பளிங்கில் விழாது. வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம் என்று முழுப் பணமும் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கையில் எடுத்துப் போக முடிகிற பொருளை மட்டும் வாங்குங்கள். பணம் கட்டும்போதே "கடை வேண்டாம்" என்று நாலு பேர் சேர்ந்து சொன்னால், பல நடத்துநர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். மிச்சமாகும் நேரத்தைக் கோட்டைக்குக் கேளுங்கள். ஷாஜகான் 1658 முதல் 1666இல் இறக்கும் வரை சிறையிருந்த இடம் அது. அங்கிருந்து ஆற்றின் வளைவுக்கு அப்பால் தாஜ்மகால் தெரியும்.

திரும்பும் நேரம்

இரவு ஒன்பதுக்கு டெல்லி என்று நோட்டீஸில் இருந்தால் பதினொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவே விமானமோ ரயிலோ பதிவு செய்யாதீர்கள். பஸ் அலுப்பு வேண்டாம் என்றால் கதிமான் எக்ஸ்பிரஸ் இருக்கிறது: காலையில் ஹஜ்ரத் நிஜாமுதீனில் ஏறினால் ஆக்ரா கண்டோன்மென்டுக்கு ஏறக்குறைய 100 நிமிடம், மாலையில் அதே வண்டியில் திரும்பலாம், வெள்ளிக்கிழமை ஓடாது. பத்துப் பேர் கொண்ட சொந்தக் குழு என்றால் ஆக்ராவில் ஒரு வேன், உரிமம் பெற்ற ஒரு வழிகாட்டி என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். பதினோரு மணிக்கு முன்பே தாஜ்மகால் வாசலில் இருப்பீர்கள்.

சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கண்டோன்மென்டில் நிற்கிறது. போகும்போதோ வரும்போதோ அங்கேயே இறங்கி ஒரு இரவு தங்கிவிட்டால், காலையில் சூரிய உதயத்தை ஒட்டி வாசல் திறக்கிற நேரத்துக்கே உள்ளே போகலாம். டெல்லிப் பஸ்கள் வந்து சேர இன்னும் ஐந்தாறு மணி நேரம் இருக்கும்.